அந்நிய மண்ணில் ஒரு நாட்டின் முகவரி

ஒரு நாடு மற்றொரு நாட்டின் தலைநகரில் எழுப்பும் தூதரகக் கட்டடம், கட்டடக் கலைஞர்கள் எதிர்கொள்ளும் பணிகளுள் மிகவும் சிக்கலான ஒன்று. அலுவலகம், வரவேற்பு மண்டபம், ஆவணக் காப்பகம், செய்தித் தொடர்பு நிலையம், நூலகம், சில இடங்களில் ஊழியர் குடியிருப்பு எனப் பல பயன்பாடுகளை ஒரே வளாகத்துக்குள் அது தாங்க வேண்டியிருக்கிறது. அதைவிடக் கடினமானது, அக்கட்டடம் ஒரே நேரத்தில் எதிரெதிரான இரண்டு இயல்புகளைக் கொண்டிருக்க வேண்டும் என்பதாகும். விருந்தினரை அழைக்கும் வீடாகத் திறந்திருக்கவும் வேண்டும். ஓர் அரசின் இரகசியங்களையும் ஊழியர்களின் உயிரையும் காக்கும் அரணாக மூடியிருக்கவும் வேண்டும். கடந்த எழுபது ஆண்டுகளில் உலகத் தலைநகரங்களில் எழுந்த தூதரகங்களின் வரலாறு, இவ்விரண்டு தேவைகளுக்கும் இடையிலான சமநிலையைத் தேடிய வரலாறே ஆகும்.

தூதரகம் என்ற சொல் பொதுவாகத் தலைநகரில் அமைந்த முதன்மை அலுவலகத்தைக் குறிக்கிறது. காமன்வெல்த் நாடுகள் தமக்குள் அமைத்துக்கொள்ளும் இத்தகைய அலுவலகம் ஹை கமிஷன் எனப்படுகிறது. தலைநகருக்கு வெளியே பிற பெருநகரங்களில், விசா வழங்குதல், தம் குடிமக்களுக்கு உதவுதல், வணிகத் தொடர்புகளைப் பேணுதல் ஆகியவற்றுக்காக அமைவது துணைத் தூதரகம். சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்க அலுவலகம் அவ்வகையைச் சேர்ந்தது. அளவில் வேறுபட்டாலும் இவையனைத்தும் ஏறத்தாழ ஒரே வகையான வடிவமைப்புக் கேள்விகளையே எழுப்புகின்றன.

சட்டம் வகுத்த எல்லை

தூதரக வளாகம் அதை அனுப்பிய நாட்டின் மண்ணாகவே மாறிவிடுகிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது சரியன்று. நிலம் எப்போதும் அது அமைந்துள்ள நாட்டின் பகுதியாகவே நீடிக்கிறது. ஆனால், 1961ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று கையெழுத்தாகி 1964இல் நடைமுறைக்கு வந்த, தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கை, அந்த இடத்துக்குச் சிறப்பான பாதுகாப்பை வழங்குகிறது. தூதரகத் தலைவரின் இசைவின்றி உள்ளூர்க் காவலர்களோ அதிகாரிகளோ அதனுள் நுழைய முடியாது. அங்குள்ள பொருள்களைச் சோதனையிடவோ பறிமுதல் செய்யவோ முடியாது. அதே வேளையில், தூதரகத்தை அத்துமீறலிலிருந்தும் சேதத்திலிருந்தும் காப்பதற்கு வேண்டிய நடவடிக்கைகளை எடுக்கும் தனிப்பொறுப்பு, அதை ஏற்ற நாட்டின் அரசைச் சார்ந்தது.

இவ்விதிகள் ஏட்டளவில் நின்றுவிடுபவை அல்ல. 1984 ஏப்ரலில் லண்டனில் இருந்த லிபியத் தூதரக அலுவலகத்தின் உள்ளிருந்து சுடப்பட்டு ஒரு பெண் காவலர் உயிரிழந்தபோதும், பிரித்தானியக் காவல்துறை கட்டடத்தை முற்றுகையிட்டு நின்றதேயன்றி உள்ளே நுழையவில்லை. பதினொரு நாள்களுக்குப் பின் அதிலிருந்தோர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மறுபுறம், 1979 நவம்பரில் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது, அதைக் காக்கும் கடமையில் ஈரான் தவறியது என்று பன்னாட்டு நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. சட்டம் தரும் காப்பு வலிமையானது. ஆயினும் உள்ளூர் அரசு காக்கத் தவறும் நாளிலும் சுவரும் கதவும் சில மணி நேரமேனும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்ற படிப்பினை, அதன்பின் தூதரகம் கட்டிய ஒவ்வொரு நாட்டின் கணக்கிலும் இடம்பெற்றது.

உடன்படிக்கையின் 41ஆம் பிரிவு, தூதரக அதிகாரிகள் உள்ளூர்ச் சட்டங்களை மதிக்க வேண்டும் என்று கூறுகிறது. எனவே உயர வரம்பு, தீயணைப்பு ஏற்பாடு, கழிவுநீர், போக்குவரத்து, மரங்களைக் காத்தல் முதலான நகர விதிகளை ஒதுக்கிவிட்டுப் புதிய தூதரகம் எழ முடியாது. வடிவமைப்பாளர் ஒரே வரைபடத்தில் இரண்டு அரசுகளுக்கும் விடை சொல்ல வேண்டியவராகிறார்.

நிலம் தேடும் படலம்

கட்டடப் பணியின் முதல் கட்டம் நிலத்தைப் பெறுவது. தூதரகத்துக்கு இடம் கிடைக்க உதவுவது ஏற்கும் நாட்டின் கடமை என்று வியன்னா உடன்படிக்கையின் 21ஆம் பிரிவு கூறுகிறது. இக்கடமையை இந்தியா நிறைவேற்றிய விதத்துக்குச் சான்றாக விளங்குவது புது தில்லியின் சாணக்கியபுரி. விடுதலைக்குப் பின், 1950களில், புதிதாக உறவு பூண்ட நாடுகளுக்கென்றே திட்டமிடப்பட்ட இப்பகுதி, அர்த்த சாத்திரத்தோடு இணைத்துப் பேசப்படும் சாணக்கியரின் பெயரைத் தாங்கியது. சாந்தி பத் என்ற அகன்ற சாலையின் இருமருங்கிலும் பெரிய மனைகள் வகுக்கப்பட்டு நாடுகளுக்கு வழங்கப்பட்டன. தூதரகங்களை ஓரிடத்தில் சேர்ப்பதால் காவல் எளிதாகிறது. ஆனால் நகர மக்களின் அன்றாட வாழ்விலிருந்து அவை விலகி நிற்கும் குறையும் உடன் வருகிறது.

நிலப் பரிமாற்றத்தில் ஈடுக்கு ஈடு என்ற கொள்கை ஆழமாக வேரூன்றியுள்ளது. ஒரு நாடு தன் தலைநகரில் தரும் வசதிக்கு இணையான வசதியை மற்ற நாட்டின் தலைநகரில் எதிர்பார்க்கிறது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் மாஸ்கோவிலும் வாஷிங்டனிலும் புதிய தூதரகங்கள் கட்டிக்கொள்வதற்கான உடன்பாடுகளை 1969இலும் 1972இலும் செய்துகொண்டபோது, ஒரு தரப்பின் கட்டடம் பயன்பாட்டுக்கு வராமல் மறுதரப்பும் குடியேற முடியாது என்ற நிலை உருவாயிற்று. இதனால் வாஷிங்டனில் கட்டி முடிக்கப்பட்ட அலுவலகக் கட்டடம் 1990கள் வரை காத்திருக்க நேர்ந்தது.

மனை கைக்கு வந்தபின் நகரத்தின் ஒப்புதலைப் பெறுவது அடுத்த கட்டம். லண்டனில் பழைய நாணயச்சாலை வளாகமான ராயல் மின்ட் கோர்ட்டை 2018இல் சீனா வாங்கியது. அங்கே பெரிய தூதரகம் அமைக்கும் திட்டத்தை டவர் ஹாம்லெட்ஸ் உள்ளாட்சி மன்றம் 2022 டிசம்பரில் நிராகரித்தது. அக்கம்பக்கத்தாரின் பாதுகாப்பு, போராட்டங்களால் ஏற்படக்கூடிய நெரிசல், பழஞ்சிறப்பு மிக்க சுற்றுப்புறம் ஆகியவை பற்றிய கவலைகள் அதில் பங்கு வகித்தன. திட்டம் மீண்டும் முன்வைக்கப்பட்டபோது முடிவெடுக்கும் பொறுப்பை மத்திய அரசே எடுத்துக்கொண்டது. ஒரு தெருவாசியின் கவலையும் இரு நாடுகளின் உறவும் ஒரே விண்ணப்பத்தில் மோதிக்கொள்ளும் தன்மை தூதரகத் திட்டங்களுக்கே உரியது.

இத்தகைய மோதலைத் திறமையாகத் தீர்த்த எடுத்துக்காட்டும் உண்டு. பெர்லினில் 2003இல் கட்டி முடிக்கப்பட்ட நெதர்லாந்துத் தூதரகத்தை வடிவமைத்த ரெம் கூல்ஹாஸின் ஓ.எம்.ஏ. நிறுவனம், தனித்து நிற்கும் கனசதுரம் ஒன்றை விரும்பியது. நகர விதியோ, கட்டடம் தெருமூலையை நிரப்பி மரபான வீட்டு வரிசையோடு பொருந்த வேண்டும் என்றது. கனசதுரத்தைத் தனியே நிறுத்தி, அதன் பின்புறத்தில் எழுப்பிய மெலிந்த கட்டடத்தால் மனையின் விளிம்பை நிரப்பியதன் மூலம் இரண்டு விருப்பங்களும் நிறைவேறின. உள்ளே சுமார் 200 மீட்டர் நீளமுள்ள ஒரு பாதை எல்லாத் தளங்களையும் சுற்றியேறி, செல்லும் வழியில் நகரத்தின் காட்சிகளைச் சன்னல்கள் வழியே காட்டுகிறது. ஐரோப்பாவின் உயரிய கட்டடக்கலைப் பரிசான மீஸ் வான் டெர் ரோஹ விருது 2005இல் இதற்கு வழங்கப்பட்டது.

உள்ளமைப்பின் மூன்று வட்டங்கள்

தூதரகத்தின் தரைத்திட்டம், யார் எதுவரை செல்லலாம் என்ற கேள்வியிலிருந்து பிறக்கிறது. முதல் வட்டம் பொதுமக்களுக்குரியது: விசாக் கூடம், காத்திருக்கும் இடம், நூலகம், கலைநிகழ்ச்சி அரங்கு ஆகியவை இதில் அடங்கும். இரண்டாம் வட்டம் அன்றாட அலுவல்களுக்குரியது. உள்ளூர்க் குடிமக்களான ஊழியர்கள் பலர் இங்கே பணியாற்றுகின்றனர். மூன்றாம் வட்டத்தில் தூதரின் அறை, மறைச்செய்திகளை அனுப்பிப் பெறும் பகுதி, ஒட்டுக்கேட்க முடியாதபடி அறைக்குள் அறையாக அமைக்கப்படும் ஆலோசனைக் கூடம் ஆகியன இருக்கும். அனுப்பிய நாட்டின் அனுமதி பெற்ற அதிகாரிகள் மட்டுமே அதனுள் செல்ல முடியும்.

இம்மூன்று வட்டங்களுக்கும் தனித்தனி வாயில்களும் படிக்கட்டுகளும் மின்தூக்கிகளும் தேவைப்படுகின்றன. விசாவுக்கு வரும் மாணவரும், பேச்சுவார்த்தைக்கு வரும் அமைச்சரும், சமையற்கூடத்துக்குக் காய்கறி கொண்டுவரும் வண்டியும் ஒருவர் பாதையில் ஒருவர் குறுக்கிடாமல் வந்துபோக வேண்டும். நகரத்தின் மின்சாரமும் நீரும் நின்றுபோனாலும் சில நாள்கள் இயங்குவதற்கான மின்னாக்கிகளும் நீர்த்தொட்டிகளும் வேண்டும். விசா வரிசையில் வெயிலிலும் மழையிலும் நிற்போருக்கு நிழலும் இருக்கையும் தருவது இப்பட்டியலில் சிறிய செலவுதான். ஆயினும் பெரும்பாலான மக்கள் ஒரு வெளிநாட்டைப் பற்றிக் கொள்ளும் முதல் எண்ணம் அந்த வரிசையில்தான் உருவாகிறது என்பதால் அதை அற்பமென்று ஒதுக்குவது தவறு.

தில்லியின் நிழலும் நீரும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், அமெரிக்கா தன் புதிய தூதரகங்களைத் திறந்த மனத்தின் சின்னங்களாகக் காட்ட விரும்பியது. அந்நாட்டு வெளியுறவுத்துறை 1954இல் கட்டடக் கலைஞர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்து, ஒவ்வொரு தூதரகமும் அது அமையும் நாட்டின் தட்பவெப்பத்துக்கும் மரபுக்கும் மதிப்பளிக்க வேண்டும் என்ற நெறியை வகுத்தது. ஏதென்ஸ் தூதரகம் வால்டர் குரோப்பியஸிடமும், லண்டன் ஈரோ சாரினெனிடமும், கராச்சி ரிச்சர்ட் நியூட்ராவிடமும், புது தில்லி எட்வர்ட் டியூரல் ஸ்டோனிடமும் ஒப்படைக்கப்பட்டன.

சாணக்கியபுரியில் 28 ஏக்கர் மனையில் அமைந்த தில்லித் தூதரகத்துக்கு, அமெரிக்கத் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் 1956 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார். 1959 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. வட இந்தியக் கோடையின் வெப்பத்தை இயந்திரக் குளிரூட்டலின் மீது மட்டும் சுமத்தாமல் கட்டடத்தின் அமைப்பாலேயே குறைக்க ஸ்டோன் முயன்றார். மேற்கூரையை இரண்டாகப் பிரித்து நடுவில் காற்று புகும் இடைவெளி விட்டார். மேலடுக்கு வெயிலை ஏற்க, கீழடுக்கு ஓரளவு குளிர்ந்திருந்தது. கண்ணாடிச் சுவர்களுக்கு வெளியே, முகலாயக் கட்டடங்களின் ஜாலியை, அதாவது கல்லில் துளையிட்டுச் செய்யும் வலைச்சுவரை, நினைவூட்டும் திரை ஒன்றைச் சுற்றிலும் நிறுத்தினார். அதனூடே காற்றும் ஒளியும் வர, சூரியனின் கடுமை வெளியிலேயே தங்கியது. நடுவில் செடிகளும் சிறு தீவுகளும் கொண்ட நீர்த்தோட்டம் அமைந்தது. உயர்ந்த மேடையும் மெலிந்த பொன்னிறத் தூண்களும் கட்டடத்துக்கு ஒரு கோயில் மண்டபத்தின் அமைதியைத் தந்தன. மேடையின் அடியில் வாகனங்கள் மறைந்து நின்றன.

அமெரிக்காவின் மூத்த கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் இதைப் பாராட்டினார். ஸ்டோன் பின்னர் வாஷிங்டனில் கென்னடி கலை மையத்தை வடிவமைத்தபோது தில்லியின் சாயல் அதிலும் படிந்தது. இந்தியாவில் கற்ற பாடம் ஒன்று அமெரிக்கத் தலைநகருக்கே திரும்பிச் சென்றது என்பது, தூதரகக் கட்டடக்கலை இருவழிப் பாதை என்பதற்கு நல்ல சான்று. சாணக்கியபுரியில் இத்தகைய உரையாடல்கள் மேலும் பல நிகழ்ந்தன. பின்லாந்துத் தூதரகத்தின் கூரையை ரெய்மா, ரைலி பியெடிலா இணையர் தம் நாட்டுப் பனிப்பரப்பின் நினைவோடு வடித்தனர். ஓவியரும் சிற்பியுமான சதீஷ் குஜ்ரால், கட்டடக்கலையில் முறையான பயிற்சி பெறாதவராயினும், பெல்ஜியத் தூதரகத்தைச் செங்கல் வளைவுகளால் அமைத்து உலகப் புகழ் பெற்றார்.

குண்டுகள் மாற்றிய வரைபடம்

திறந்த தூதரகம் என்ற கனவு, 1983 ஏப்ரல் 18 அன்று பெய்ரூட்டில் அமெரிக்கத் தூதரகத்தின் வாயிலில் வெடிமருந்து நிரப்பிய வாகனம் வெடித்து 63 பேர் இறந்தபோது ஆட்டம் கண்டது. அட்மிரல் பாபி இன்மன் தலைமையிலான குழு 1985இல் அளித்த அறிக்கை, தூதரகங்கள் தெருவிலிருந்து விலகி அமைய வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பரிந்துரை முழுமையாக நிறைவேறும் முன்பே, 1998 ஆகஸ்ட் 7 அன்று நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் ஒரே நாளில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகள் 224 உயிர்களைப் பறித்தன. நைரோபியில் இறந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் கென்ய மக்கள். நெரிசலான தெருச் சந்திப்பை ஒட்டியே தூதரகம் அமைந்திருந்ததால் பக்கத்துக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. முதல் சத்தம் கேட்டுச் சன்னலருகே வந்து பார்த்தவர்கள் பலர் உடைந்த கண்ணாடியால் பார்வை இழந்தனர். தூதரகம் தவறாக அமைந்தால் அதன் விலையை அக்கம்பக்கத்து மக்களே கொடுக்கிறார்கள் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

அமெரிக்க நாடாளுமன்றம் 1999இல் இயற்றிய சட்டம், புதிய தூதரகக் கட்டடத்துக்கும் வளாக விளிம்புக்கும் இடையே 100 அடி, அதாவது ஏறத்தாழ 30 மீட்டர், இடைவெளி இருக்க வேண்டும் என்றது. வெடிப்பின் அழுத்தம் தொலைவு கூடக்கூட மிக வேகமாகக் குறைகிறது என்பதால், சுவரைத் தடிமனாக்குவதைவிட இடைவெளி விடுவது பயனுள்ளது. அதனுடன், உடைந்தாலும் சிதறாதபடி பிளாஸ்டிக் படலத்தால் ஒட்டப்பட்ட அடுக்குக் கண்ணாடி, வாகனம் மோதினாலும் வளையாத தடுப்புத் தூண்கள், ஒரு தூண் சரிந்தாலும் முழுக் கட்டடமும் சரியாத சட்டக அமைப்பு ஆகியவை நடைமுறையாயின. இத்தனையும் சேர்ந்தபோது நகரின் நடுவே இடம் கிடைப்பது அரிதாயிற்று. பல நாடுகளில் புறநகரில், உயர்ந்த மதில்களுக்குள், ஒரே அச்சில் வார்த்தது போன்ற அமெரிக்கத் தூதரகங்கள் எழுந்தன. அவை உயிரைக் காத்தன. ஆனால் சிறைச்சாலைத் தோற்றம் நட்பை எப்படி வளர்க்கும் என்ற கேள்வியை அந்நாட்டுத் தூதர்களே எழுப்பினர்.

ஆபத்து வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதை மாஸ்கோ காட்டியது. 1979இல் அங்கே தொடங்கிய அமெரிக்கத் தூதரகக் கட்டுமானத்தில், கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும் வேறிடத்தில் சோவியத் பணியாளர்களால் முன்கூட்டியே வார்க்கப்பட்டுக் கொண்டுவரப்பட்டன. அவற்றினுள்ளேயே ஒட்டுக்கேட்கும் கருவிகள் பதிக்கப்பட்டிருந்தது தெரியவந்ததால் 1985இல் பணி நிறுத்தப்பட்டது. இறுதியில் மேலிரண்டு தளங்கள் அகற்றப்பட்டு, அமெரிக்காவிலிருந்து வந்த பொருள்களையும் பணியாளர்களையும் கொண்டு புதிய தளங்கள் கட்டப்பட்டு, 2000ஆம் ஆண்டில்தான் கட்டடம் முழுமை பெற்றது. இரகசியப் பகுதிக்குரிய பொருள்கள் முத்திரையிட்டு அனுப்பப்படுவதும், அப்பகுதிகளைச் சொந்த நாட்டுப் பணியாளர்களே கட்டுவதும் இதன்பின் உறுதியான வழக்கமாயின.

தேம்ஸ் கரையில் ஒரு விடை

அரணையும் அழைப்பையும் மீண்டும் இணைக்க முயன்ற திட்டமாக லண்டனின் புதிய அமெரிக்கத் தூதரகத்தைக் குறிப்பிடலாம். கிரோவனர் சதுக்கத்தில் 1960இல் திறக்கப்பட்ட சாரினெனின் கட்டடம், 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின் தடுப்புகளாலும் அடைக்கப்பட்ட தெருக்களாலும் சூழப்பட்டு, அப்பகுதி மக்களின் மனக்குறைக்கு ஆளாகியிருந்தது. அங்கே 100 அடி இடைவெளிக்கு வழியே இல்லை. எனவே தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், தொழிற்சாலைகளும் கிடங்குகளும் நிறைந்திருந்த நைன் எல்ம்ஸ் பகுதிக்கு இடம்பெயர்வதாக 2008இல் அறிவிக்கப்பட்டது. லண்டனில் இருந்த அமெரிக்க அரசின் பிற சொத்துகளை விற்ற பணத்தால், ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவில் திட்டம் நிறைவேறியது. போட்டியில் 2010இல் வென்ற கீரன்டிம்பர்லேக் நிறுவனத்தின் வடிவமைப்பில், 2013இல் பணி தொடங்கி, 2018 ஜனவரியில் தூதரகம் செயல்படத் தொடங்கியது.

பன்னிரண்டு தளங்கள் கொண்ட இக்கண்ணாடிக் கனசதுரத்தைச் சுற்றி உயர்ந்த மதில் கிடையாது. தேவையான இடைவெளியைப் பூங்காவே தருகிறது. ஒரு பக்கத்தில் பிறைவடிவக் குளம் வாகனங்களை மறித்து, மழைநீரையும் தேக்குகிறது. மேடுபள்ளங்களும் தாழ்ந்த சுவர்களும் இருக்கைகளும் செடிவரிசைகளும் தடுப்புத் தூண்களின் வேலையைச் செய்கின்றன. வெயில் படும் மூன்று முகங்களிலும் ஈ.டி.எஃப்.ஈ. எனப்படும் ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் வெளிப்புறத்தில் பாய்போல் விரிக்கப்பட்டு, உள்ளே வெப்பம் ஏறாமல் தடுக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன் தில்லியில் ஸ்டோன் சுற்றி நிறுத்திய வலைச்சுவரும் லண்டனின் இப்படலமும் பொருளால் வேறு, கருத்தால் ஒன்றே. தில்லி வளாகமும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. வைஸ்/மான்ஃப்ரெடி நிறுவனத்தின் திட்டப்படி ஸ்டோனின் கட்டடத்தைப் பாதுகாத்துக்கொண்டே புதிய கட்டடங்களை எழுப்பும் பணி 2021இல் தொடங்கியது.

சிறிய நாடுகளின் பெரிய எண்ணம்

பெரும்பணம் இன்றியும் சிறந்த தூதரகம் எழலாம் என்பதை வட ஐரோப்பிய நாடுகள் பெர்லினில் காட்டின. டென்மார்க், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் 1999இல் ஒரே வளாகத்தைத் திறந்தன. பெர்கர், பார்க்கினென் இணையர் வகுத்த முழுத் திட்டத்தில், 15 மீட்டர் உயரமும் 226 மீட்டர் நீளமும் உள்ள செப்புப் பட்டை வளாகத்தைத் தழுவிச் செல்கிறது. அதனுள் ஒவ்வொரு நாடும் தன் கட்டடக் கலைஞரைக் கொண்டு தன் கட்டடத்தை எழுப்பியது. வரைபடத்தில் அந்நாடுகள் அமைந்துள்ள திசைகளைப் பின்பற்றிக் கட்டடங்கள் நிற்க, இடையிலுள்ள நீர்த்தொட்டிகள் அவற்றைப் பிரிக்கும் கடல்களைச் சுட்டுகின்றன. கண்காட்சி, உணவகம், அரங்கு ஆகியவை பொது இல்லமான ஆறாவது கட்டடத்தில் அமைந்து, மக்களுக்குத் திறந்திருக்கின்றன. தனித்தனியே செய்திருந்தால் பெருஞ்செலவாகியிருக்கும் வசதிகளை அவை பகிர்ந்துகொண்டன.

அதே நகரில் 2001இல் எழுந்த இந்தியத் தூதரகமும் கவனத்துக்குரியது. ஜெர்மானியக் கட்டடக் கலைஞர்களான லெயோன் வோல்ஹாகே வெர்னிக் அதை வடிவமைத்தனர். அதன் சுவர்களுக்கு ராஜஸ்தானின் செந்நிற மணற்கல் கொண்டுசெல்லப்பட்டது. சிகரமோ தோரணமோ ஒட்டிவைக்காமல், கல்லின் நிறமும் முற்றங்களின் அமைதியுமே இந்தியாவைச் சொல்லும்படி விடப்பட்டன. 1930இல் லண்டன் ஆல்ட்விச்சில் ஹெர்பர்ட் பேக்கர் எழுப்பிய இந்தியா ஹவுஸ், ஆளப்பட்ட நாட்டின் அடையாளங்களை ஆண்டவர்களின் பாணியில் பதித்தது. பெர்லின் கட்டடம், விடுதலை பெற்ற ஒரு நாடு தன்னை இன்னொரு நாட்டவரின் கைவண்ணத்தின் வழியே தயக்கமின்றி அறிமுகம் செய்துகொள்ளும் நம்பிக்கையைக் காட்டுகிறது.

இவ்வெடுத்துக்காட்டுகள் அனைத்தையும் ஒருங்கே நோக்கும்போது ஒரு முடிவு தெளிவாகிறது. பாதுகாப்பைக் கடைசியில் மதிலாகச் சேர்த்த தூதரகங்கள் நகரத்தோடு பகைத்துக்கொண்டன. அதை முதல் கோட்டிலேயே நிலத்தின் சரிவாகவும் நீராகவும் இடைவெளியாகவும் எண்ணியவை நகரத்துக்குப் பயன் தரும் இடங்களாயின. உள்ளூர்த் தட்பவெப்பத்தைக் கற்றவை நெடுங்காலம் நின்றன; எங்கும் ஒரே வார்ப்பைத் திணித்தவை விரைவில் சலித்தன. இந்தியா தன் வெளிநாட்டுத் தூதரகங்களைப் பெருக்கிவரும் இக்காலத்தில், ஒவ்வொரு புதிய கட்டடத்துக்கும் திறந்த வடிவமைப்புப் போட்டி நடத்துவதும், அந்தந்த நகரத்து மக்களின் குரலைத் தொடக்கத்திலேயே கேட்பதும், விசாவுக்கு வந்து நிற்கும் எளிய மனிதரின் வசதியைத் தூதரின் அறைக்கு ஈடாக மதிப்பதும் அரசின் கடமையாக வேண்டும். நாட்டைப் பற்றிய நன்மதிப்பை வெளிநாட்டு மக்களின் கண்முன் நாள்தோறும் காத்து நிற்பது அக்கட்டடமே.